கன்று ஒன்று மட்டும்

ஒஸ்லோவில் தமிழர் கூடுகிற மண்டபம் எதற்குள்ளாவது மகேசன் காலடி வைத்தால், நாலைந்து ஆம்பிளைகள் சத்தமில்லாமல் எழும்பி வெளியே போவார்கள். கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்கக்கூடாது. தங்கள் தங்கள் காரை ஒருக்கால் பார்த்துவிட்டு வரத்தான் போகிறார்கள். மகேசன் கார் தரிப்பிடக் கண்காணிப்பாளர். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. அவர் எழுதிய ரிக்கற்றுகளில் வெள்ளை, கறுப்பு, சொந்தம், பிறத்தி என்ற பேதம் ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், சரஸ்வதி பூசையன்று, சங்கத் தலைவர் ஜெகதீஸ்வரன் தன்னுடைய புது மின்சாரக் காரைப் பாதசாரிக் கடவைக்குக் கிட்ட நிறுத்திவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றப் போனார். கடவையிலிருந்து ஐந்து மீற்றர் விட வேண்டும் என்பது சட்டம். மகேசன் அன்றைக்கு வேலையில் நின்றார். அளவு நாடாவை விரித்துப் பார்த்தார். நாலு மீற்றர் எழுபது. ரிக்கற்றை எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டு, வேலைச் சட்டையோடேயே உள்ளே போய், விளக்கேற்றி முடித்த தலைவருக்குக் கைகூப்பி வணக்கமும் சொன்னார்.

அதற்குப் பிறகு ரொம்சோஸில் அவர்களுடைய வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கலியாணக் காட் வந்தது. ஆனால் தபாலில் வந்தது.

"முப்பது சென்ரிமீற்றருக்காக ஒரு ஊரையே பகைச்சுப் போட்டியள்," என்றாள் மனைவி தங்கேஸ்வரி.

"முப்பது சென்ரிமீற்றர் எண்டாலும் பிழை பிழைதானே," என்றார் மகேசன். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. எழுதி வைத்ததை வாசித்து அதன்படி நடக்கிறவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. அப்படி இல்லாத இடத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் ஓடி வந்தவருக்கு அது லேசான ஆறுதல் இல்லை.

அவரோடு வேலை செய்கிறவள் நோரா. முப்பத்திரண்டு வயது. ஒஸ்லோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம் வடக்கே, ஒரு காட்டுக் கிராமத்தில் வளர்ந்தவள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தடித்த புத்தகமொன்றை அவருக்கு முன்னால் போட்டாள்.

"அப்பாவின் வேட்டைக் குழுவில் ஒருவருக்கு முழங்கால் பழுதாகிவிட்டது. ஆள் குறைகிறது. நீ வருகிறாயா?" என்று கேட்டாள். நோர்வே மொழியில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

மகேசன் ஒரு கோழியைக்கூடக் கையால் அறுத்ததில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், மரியாதைக்காகப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினார். புரட்டினவர் பாணைச் சாப்பிட மறந்தார்.

சின்ன மானின் கிடாய் ஓகஸ்ட் பத்திலிருந்து சுடப்படலாம். அதன் பெட்டை செப்ரெம்பர் இருபத்தைந்து வரை பொறுத்திருக்க வேண்டும். எங்கடை சனம் மரை என்று சொல்கிற எல்க் என்னும் பெரிய மானுக்கும் அன்றைக்குத்தான் கதவு திறக்கும். டிசம்பர் இருபத்துமூன்றில் கதவு மூடும். நத்தாரிலிருந்து வருஷக் கடைசி வரை காட்டில் ஒரு வெடி கேட்கக்கூடாது. அரசாங்க ஊழியரைப் போல மிருகங்களுக்கும் லீவு. எவ்வளவு காட்டுக்கு எத்தனை எல்க், அதில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை கன்று, எந்தத் துவக்குக்கு எந்த ரவை, காயப்பட்டு ஓடினதைத் தேட மோப்பநாயை எப்படி ஒழுங்குபண்ணி வைத்திருக்க வேண்டும், எல்லாம் பந்தி பந்தியாகக் கிடந்தது. ஒரு உயிரை இவ்வளவு ஒழுங்குமுறையோடு சாக விடுகிற தேசத்தை எண்ணி அவருக்கு உடம்பு புல்லரித்தது.

"நான் இதைக் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா?" என்று கேட்டார்.

பனிக்காலம் முழுக்க வகுப்புக்குப் போனார். பரீட்சையில் ஐம்பது கேள்விக்கு ஐம்பதும் சரி. கேள்வித்தாளில் இருபத்தேழாம் கேள்வி இருவிதமாக விளங்கிக்கொள்ளக் கூடியது என்று மேலதிகமாக ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். வசந்தத்தில் பயிற்சி வெடி முப்பது வைத்தார். பிறகு நூறு மீற்றரில் தகரத்தில் வரைந்த மிருகத்துக்கு ஐந்து வெடி. ஐந்தும் வட்டத்துக்குள். பொலிஸ், அவர் நாட்டுக்கு வந்த காலத்துப் பழைய பத்திரங்களையெல்லாம் கிளறிப் பார்த்துவிட்டுத் துவக்குக்கு அனுமதி கொடுத்தது.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்து, இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியளோ?" என்றாள் தங்கேஸ்வரி.

"அது அனுமதி இல்லாத துவக்கு, தங்கேஸ். இது அனுமதியோடை."

துவக்கு வைக்க இரும்பு அலுமாரி ஒன்று வந்தது. நாலு பேர் தூக்கி நாலாம் மாடிக்கு ஏற்றினார்கள். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த தங்கேஸ்வரிக்கு முதல்தடவையாக வேட்டையில் ஒரு பிடிப்பு வந்தது.

"நல்ல பலமாத்தான் கிடக்கு. என்ரை நகையளை இதுக்குள்ளை வைக்கலாமே."

"வைக்கேலாது. அனுமதி உள்ள ஆளைத் தவிர வேறை ஒருத்தருக்கும் திறக்கிற இலக்கம் தெரியக்கூடாது."

"அப்ப என்ரை நகையை நீங்கள் எடுத்துத் தருவியளோ?"

"ஓம். எழுதிக் கேட்டால் இன்னும் நல்லது," என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. அன்றைக்கும் வீட்டில் பேச்சு வார்த்தை நின்றது.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. செப்ரெம்பரில் ஒருநாள் ஜெகதீஸ்வரன் போன் எடுத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"மகேசன், உம்மை நினைக்கப் பெருமையாக் கிடக்குதடாப்பா. எங்கடை ஆக்களிலை ஒருத்தன் மரைக்கு வெடி வைக்கப் போறான்!"

"இன்னும் வைக்கேல்லை, அண்ணை."

"வைப்பீர். சங்கத்தின்ரை ஒன்றுகூடலுக்கு இந்த முறை மரை இறைச்சிக் கறி. ட்வெய்ட்டாவிலை மண்டபம் எடுத்தாச்சு. நூற்றியிருபது பேர்."

பிரச்சினை திகதியில் வந்தது. நவராத்திரியில் வைக்கேலாது. புரட்டாதிச் சனி விலக்கு. பிறகு கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கந்தசஷ்டி. அதற்கு அங்காலே பிள்ளையார் பெருங்கதை விரதமும் மார்கழியும் தொடங்கிவிடும். நாள்காட்டியை விரித்து வைத்துப் பார்த்த மகேசனுக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்க்குக்கு அரசாங்கம் மூன்று மாதம் திறந்து விட்டிருக்கிறது. எங்கடை சனத்துக்கு அதற்குள் இறைச்சி திறந்திருந்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை, நவம்பரில்.

அந்த ஞாயிறுக்கு அழைப்பிதழ் அடித்தார்கள். 'நோர்வே மண்ணில் முதல் தமிழ் வேட்டைக்காரன்' என்று தலைப்புப் போட்டு, மகேசனின் பழைய பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் கொம்போடு ஒரு மரை.

"முதல் எண்டு ஆர் சொன்னது? பதிவு பார்த்தனியளோ?" என்று மகேசன் கேட்டார்.

"இதுக்கெல்லாம் பதிவு பார்க்கிறேல்லை," என்றார் ஜெகதீஸ்வரன்.

நோராவின் தகப்பன் தூர்பியோர்ன் தான் குழுத் தலைவர். எழுபது வயது, தேக்கு மரம் மாதிரி ஆள். அவரோடு பக்கத்துப் பண்ணைச் சகோதரர் இரண்டு பேர். அந்த வருஷம் கொம்யூன் என்கிற உள்ளூராட்சிச் சபை அவர்களுடைய காட்டுக்குக் கொடுத்த அனுமதி மூன்று: வளர்ந்த ஆண் ஒன்று, வளர்ந்த பெண் ஒன்று, கன்று ஒன்று. ஒக்ரோபரில் ஆணையும் பெண்ணையும் சகோதரர்கள் விழுத்திவிட்டார்கள். மகேசனுக்கு முன்னால் வந்ததெல்லாம் ஒரு நரியும், காளான் பிடுங்க வந்த ஒரு கிழவரும்தான். நவம்பர் பிறந்தபோது பட்டியலில் மிஞ்சியிருந்தது ஒரே வரி: கன்று ஒன்று மட்டும்.

விருந்துக்கு எட்டு நாள் முந்திய சனிக்கிழமை காலை. இறைச்சியை ஒரு கிழமை தொங்கப் போட வேண்டும் என்பதால் அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். மகேசன் ஒரு பிர்ச் மரத்தடியில் மடக்குக் கதிரையில் இருந்தார். முதல் பனி கொட்டிக் கிடந்தது. காலில் இரண்டு சோடி மேசு, அதற்கு மேலும் குளிர். தூரத்தில் நோரா நாயோடு நடந்து மிருகங்களைக் கலைத்துக்கொண்டு வந்தாள்.

பத்து மணியளவில் முதலில் வந்தது ஒரு பெரிய ஆண். அழைப்பிதழில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. நாற்பது மீற்றரில் வந்து, பக்கவாட்டில் நின்று, அவரைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் படும். மகேசன் துவக்கைத் தொடவில்லை. ஆணுக்குரிய அனுமதி முடிந்துவிட்டது. "போ," என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். அது ஆறுதலாக நடந்து போனது.

அரை மணித்தியாலம் கழித்துச் சின்னதொன்று தனியாக வந்தது. கொம்பில்லை. முகம் கட்டையாக இருந்தது. கிட்ட ஒப்பிட்டுப் பார்க்கத் தாயில்லை. மகேசன் புத்தகத்தில் படித்ததெல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பின்னால் மண்மேடு இருந்தது, ரவை எங்கும் போகாது. மிருகம் பக்கவாட்டில் நின்றது. ட்வெய்ட்டா மண்டபத்து நூற்றியிருபது பேர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது போலவும் இருந்தது. விசையை இழுத்தார்.

அது பத்து அடி ஓடி, முன்னங்காலை மடித்துப் பனியில் விழுந்தது. காடு அப்படியே அமைதியாகிவிட்டது. துவக்கின் விசையைப் பூட்டிவிட்டுக் கிட்டப் போனார். கண் திறந்து கிடந்தது. அதன் வாயில் ஒரு சின்னக் குச்சி, இன்னும் சப்பி முடியாமல்.

எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். தூர்பியோர்ன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு குனிந்து மிருகத்தின் வாயைத் திறந்து பார்த்தார். வாயை மூடினார்.

"பெரிய கன்று," என்றார்.

"நல்ல பெரிய கன்று," என்றார் மூத்த சகோதரர்.

"இந்த வருஷம் புல் நல்லம்," என்றார் இளையவர்.

மகேசன் முழந்தாளிட்டுத் தானே அதன் வாயைத் திறந்தார். கடைவாய்ப் பற்களை விரலால் எண்ணினார். கன்று என்றால் ஒரு பக்கத்தில் நாலு. இது ஆறு.

"இது கன்று இல்லை. ஒன்றரை வயதுப் பெட்டை," என்றார். "நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில் படம் இருக்கிறது."

"மகேசன்," என்று தூர்பியோர்ன் தோளில் கை வைத்தார். "நாற்பத்தாறு வருஷமாக நான் இந்தக் காட்டில் வேட்டையாடுகிறேன். இந்தக் காட்டில் நான் கன்று என்றால் கன்று."

"பிழையாகச் சுட்டால் உடனே கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும். சொன்னால் பெரிய தண்டனை இல்லை. மறைத்தால்தான் குற்றம்."

"யார் மறைத்தது? மூன்று பேர் கன்று என்கிறோம். இது ஜனநாயக நாடு."

நோரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மகேசன் சட்டைப் பைக்குள்ளிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்தார். அடியில் கொம்யூனின் காட்டுவிலங்குக் குழுவுடைய அவசர இலக்கம் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினார்.

தூர்பியோர்னின் சட்டைப் பைக்குள் ரெலிபோன் அடித்தது.

நாய் நிமிர்ந்து பார்த்தது. தூர்பியோர்ன் போனை எடுத்து, மூன்று மீற்றருக்கு அப்பால் நின்ற மகேசனைப் பார்த்துக்கொண்டே, காதில் வைத்தார்.

"காட்டுவிலங்குக் குழு. தூர்பியோர்ன் பேசுகிறேன்."

"வணக்கம்," என்றார் மகேசன் போனுக்குள். "என் பெயர் மகேசன். ஒரு பிழையான வெடியை அறிவிக்க வேண்டும்."

"எந்த இடம்?"

"நீ நிற்கிற இடம்."

தூர்பியோர்ன் நீளமாக மூச்சு விட்டார். "சரி. ஆள் அனுப்புகிறேன்."

"யார் வருவார்?"

"நான்தான்."

போனை வைத்துவிட்டுக் காருக்குப் போனார். கொம்யூனின் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஒரு படிவத்தோடு திரும்பி வந்தார். நடையே வேறாக இருந்தது. மிருகத்தைப் புதிதாகக் காண்கிறவர் போலச் சுற்றி வந்து, வாயைத் திறந்து, "ம்ம், ஒன்றரை வயது. சந்தேகமில்லை," என்றார், தனக்கு முன்னால் யாரோ பொய் சொன்னது போல.

மகேசன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குழுத் தலைவரும் நீ, விசாரிக்கிறவரும் நீ என்றால் சட்டப்படி சரி வராது. பதிலாளைத்தான் கூப்பிட வேண்டும்."

"பதிலாள் நான்," என்று கை உயர்த்தினார் மூத்த சகோதரர்.

கடைசியில் கொம்யூன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர நாலு மணித்தியாலம் எடுத்தது. சனிக்கிழமை வேலைக்கு இழுத்ததற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தவள், பல்லை எண்ணினாள், படிவத்தை நிரப்பினாள். "நேர்மையாக அறிவித்ததற்கு நன்றி. இறைச்சி கொம்யூனுக்குச் சொந்தம்," என்றாள். பனியில் இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றும்போது கயிற்றின் முன்நுனியைப் பிடித்ததும் மகேசன்தான். கன்றுக்குரிய அனுமதி அப்படியே மிஞ்சியிருந்தது. ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவருக்கும் அவரோடு இன்னொருமுறை காத்திருக்க மனமில்லை.

மறுநாள் ஞாயிறு பின்னேரம் ஜெகதீஸ்வரனுக்கு விஷயத்தைச் சொன்னார்.

"என்னடாப்பா, உமக்கு நீரே ரிக்கற் எழுதியிருக்கிறீர்! காட்டுக்குள்ளை ஆர் பார்த்தது?"

"பல்லைப் பார்த்தது நான்தானே, அண்ணை."

"சரி, நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். வாற ஞாயிறு விருந்துக்கு வந்து இரும். மிச்சம் நான் பார்க்கிறன்."

அவர் பார்த்த விதம் அடுத்த ஞாயிறு மத்தியானம் மண்டப வாசலிலேயே மணத்தது. நல்ல ஆட்டிறைச்சி, கறித்தூள் தாராளமாகப் போட்டு, மூன்று பெரிய சட்டியில். வாழையிலை ஒட்டிய மேசையில் 'மரைக் கறி' என்று அட்டை எழுதி வைத்திருந்தது. மகேசனை முன் வரிசையில் இருத்தி மாலை போட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் எழும்பிக் காரைப் பார்க்கப் போகவில்லை.

சனம் சாப்பிட்டது. "காட்டு மணம் ஒண்டு வருது பார்," என்றார் ஒருவர். "ஆட்டுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும். வன்னியிலை ஒருக்கால் சாப்பிட்டனான், அதே ருசி," என்றார் வன்னிப் பக்கமே போகாத இன்னொருவர். ஒரு தாய் தன் பிள்ளைக்கு, "கொஞ்சமாத் தின்னு, மரை உடம்புக்குச் சூடு," என்றாள். மகேசனுடைய தட்டில் சோறு அப்படியே கிடந்தது. தங்கேஸ்வரி அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். இத்தனை வருஷ அனுபவத்தில், அவர் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, பேசாமல் இருங்கோ. இப்பதான் சனம் எங்களோடை கதைக்குது," என்று காதுக்குள் சொன்னாள்.

வேட்டை அனுபவம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி அழைத்தார்கள். மகேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் சாப்பிடுறது மரை இல்லை. ஆடு. நான் கன்றெண்டு நினைச்சு ஒன்றரை வயசுப் பெட்டையைச் சுட்டுப்போட்டன். எங்களுக்கு அதுக்கு அனுமதி இல்லை. கொம்யூன் கொண்டு போட்டுது. பிழை என்னிலைதான்."

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. வன்னி ருசி கண்டவர் தட்டைக் குனிந்து பார்த்தார். அப்போது மூன்றாம் மேசையிலிருந்து மேரியம்மா எழும்பினா. மன்னார்க்காரி, ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவ.

"எனக்கு முதல் வாயிலையே தெரியும். ஆட்டு நெஞ்செலும்பு தெரியாதே எனக்கு?" என்றா. "நீங்கள் எல்லாரும் மரை மரை எண்டு சொல்ல, எனக்குத்தான் வயசு போய் நாக்குக் கெட்டுப் போச்சாக்கும் எண்டு பேசாமல் இருந்தனான். கறி நல்லாத்தான் கிடக்கு. இன்னும் ரெண்டு துண்டு போடுங்கோ."

சிரிப்பு வெடித்தது. அதற்குள் ஜெகதீஸ்வரன் ஒலிவாங்கியைக் கைப்பற்றினார். "பார்த்தியளோ! நோர்வேக்காரன் மறைக்கப் பார்த்ததை எங்கடை தமிழன் மறைக்கேல்லை! இந்த நேர்மை எங்கடை இரத்தத்திலை ஓடுறது!" மரைக் கறி அட்டையை எழுதின அதே கையால் மகேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அட்டையை யாரோ சத்தமில்லாமல் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததுதான்," என்று பலர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது தங்கேஸ்வரி காரில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்றுதான் மகேசன் நினைத்தார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கையில் அவள் கேட்டாள்:

"அது விழேக்கை... பாவமா இருந்ததோ?"

இத்தனை நாளில் பல்லைப் பற்றிக் கேட்டார்கள், அனுமதியைப் பற்றிக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"ஓம்," என்றார். "வாயிலை ஒரு குச்சி வைச்சிருந்தது." அவள் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவருடைய கையில் ஒருமுறை தட்டினாள். பின்னால் நின்ற கார் ஹோன் அடித்தது. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.

ஒரு கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிய நோரா கோப்பியோடு வந்து எதிரே இருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க மகேசனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்பா இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை," என்றாள். "பிறகு அலுமாரியிலிருந்து தன்னுடைய வேட்டைப் புத்தகத்தை எடுத்து வைத்து வாசிக்கத் தொடங்கினார். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. இன்னும் மூன்று விஷயம் பிழையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறோமாம்."

"எந்த மூன்று?" என்று மகேசன் ஆவலோடு நிமிர்ந்தார்.

"அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனால் அடுத்த வருஷமும் நீ வர வேண்டுமாம். ஒரே நிபந்தனை. ரெலிபோனைக் கொட்டிலில் வைத்துவிட்டு வர வேண்டுமாம்."

மகேசன் தீவிரமாக யோசித்தார். "அது சரி வராது, நோரா. மிருகம் காயப்பட்டு ஓடினால் மோப்பநாய்க்காரனைக் கூப்பிட வேண்டும். ரெலிபோன் இல்லாமல் எப்படிக் கூப்பிடுகிறது?"

நோரா கோப்பியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகேசனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த மூன்று விஷயம் என்னவாக இருக்கும் என்று ஒவ்வொரு அத்தியாயமாக நினைத்துப் பார்த்தபடி, வீதிக்கு இறங்கினார்.